மேடு இல்லாத சாலை

பரஸ்பர இடமாற்றம் கேட்கும் இரு அரசு ஊழியர்கள் ஒரே பதவியில், ஒரே சம்பள விகிதத்தில் இருக்க வேண்டும். இருவரும் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும். எவருடைய தூண்டுதலும் இன்றி முழு மனதுடன் கேட்பதாக உறுதி கூற வேண்டும். விண்ணப்பம் உரிய வழியாக மேலே போக வேண்டும். விதி இவ்வளவுதான். போகப்போகும் ஊரில் சாலை ஏறுமா இறங்குமா என்பது பற்றி விதி வாய் திறக்கவில்லை. எழுதியவர்கள் ஜீப்பில் போனவர்கள்.

அப்பாவுக்கு வீடு வீடாகச் சைக்கிளில் போய்க் காய்ச்சல் விசாரிக்கும் வேலை. காய்ச்சல் இருந்தால் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். ஊரார் காய்ச்சலை விசாரித்த அவருக்கு இளைப்பு இருந்தது. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவின் இரண்டு பக்கமும் விசைத்தறிகள். பஞ்சுத் தூசி சுவரில் படியும், துளசிச் செடியில் படியும், மூடி வைக்காத தோசை மாவில் படியும். அப்பாவின் நெஞ்சை மட்டும் விட்டுவைக்குமா? கடற்காற்று பட்டால் சரியாகும் என்றார் டாக்டர். கடற்காற்றை அவர் சீட்டில் எழுதித் தரவில்லை; நாங்களே தேட வேண்டியிருந்தது.

தேடியதில் முட்டத்துப் பக்கம் இதே வேலையில் இருந்த ஒருவர் சங்கரன்கோவிலுக்கு வர விரும்புகிறார் என்று தெரிந்தது. அம்மாவுக்கு அதுவே சந்தேகமாக இருந்தது.

“கடலை விட்டுட்டு இந்தத் தூசிக்குள்ள வாரேங்கானே, அவன் என்ன மனுசன்? அங்கன என்னமோ இருக்கு. கடக்கரைன்னாலும் அந்தப் பக்கம் மேடும் பள்ளமுமால்லா இருக்கும்? ஒரு நாள் பூரா மிதிச்சுப் பாருங்க. நெஞ்சு தாங்குனா கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா பேசாம வந்து சேருங்க.”

அப்பா வந்து சொல்லும் அறிக்கையை அம்மா அப்படியே ஏற்கிறவள் அல்ல. எனவே என்னையும் கூட அனுப்பினாள். “ஏட்டி, மேடு வந்தா உங்கப்பா உன்னய கேரியர்லருந்து இறங்கச் சொல்லுவாக. எங்கெங்க இறங்கச் சொன்னாகன்னு பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லணும்.” எனக்கு அப்போது பதினோரு வயது. என் வாழ்க்கையின் முதல் ஆய்வுப் பணி அதுதான். பயணப்படி கிடையாது.

முந்தின நாளே பஸ் கூரையில் சைக்கிளைக் கட்டி, நாகர்கோவில் போய், தெரிந்தவர் வீட்டில் தங்கினோம். காலையில் பஸ் நிலையத்தில் முட்டத்துக்காரர் தன் சைக்கிளோடு காத்திருந்தார். ஒல்லியானவர். சிரித்த முகம். அப்பாவை விடச் சின்ன வயது.

“வந்தியளா அண்ணாச்சி? இஞ்சேருந்து மிதிச்சா வெயிலு ஏறிரும். சைக்கிளை பஸ்சில ஏத்துவோம். முட்டத்தில இறங்கி அங்கேருந்து போலாம், கேட்டியளா?”

முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் இறங்கியபோதுதான் நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். எங்கள் ஊர்த் தெப்பக்குளத்தைப் பல மடங்கு பெருக்கினால் கடல் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கணக்கு தப்பு. கீழே பாறைகளில் அது மோதிக்கொண்டே இருந்தது. அதற்குக் கரை என்று எதிர்ப்பக்கம் ஒன்றுமே இல்லை.

அங்கிருந்து சாலை இறங்கியது. அப்பா பெடலை மிதிக்கவே இல்லை; பின்சக்கரம் கிறுகிறுவென்று தானாகப் பாடியது. செம்மண் மேடுகளும் தென்னைகளும் வெள்ளைக் கோயில் கோபுரங்களும் எங்களைக் கடந்து போயின. ஒரு வளைவில் கடல் மறையும். அடுத்த வளைவில் முன்னைவிடக் கிட்டத்தில் வந்து நிற்கும். காயப்போட்ட மீன் நாற்றம்கூட அன்று எனக்கு வாசனையாக இருந்தது. இனி நாங்கள் இங்கேதான் இருக்கப் போகிறோம் என்று மனதுக்குள் குடியேறிவிட்டேன்.

இறக்கம் முடிந்த இடத்தில் ஒரு மீன் லாரி நின்றிருந்தது. “நம்ம ஆளுதான்” என்றார் முட்டத்துக்காரர். சைக்கிள்கள் லாரியில் ஏறின. மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். மறுபடியும் இறக்கம். அது முடிந்த இடத்தில் ஒரு மாட்டு வண்டி. அதுவும் நம்ம ஆளுதான். அப்படியே மதியம் வரை கடற்கரை நெடுகப் போனோம். அப்பா ஓரிடத்திலும் என்னை இறங்கச் சொல்லவில்லை. மலையும் கடலும் சேர்ந்த ஊரில் எப்படி எல்லாச் சாலையும் இறங்கியே போகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா மட்டும் லாரிக்காரரையும் வண்டிக்காரரையும் ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

சாப்பாடு முட்டத்துக்காரர் வீட்டில். மேட்டுக்குக் கீழே, அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு. அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து வெளிப்பூட்டைத் திறந்தார். உள்ளே அவர் மனைவி இருந்தாள். இந்தப் பக்கம் திருட்டு அதிகம் போலிருக்கிறது, ஆளை உள்ளே வைத்தே பூட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் அம்மாவை விட இளையவள். வகிடு கோணலாக இருந்தது. பின்னல் அவிழ்கிற மாதிரி தளர்ந்திருந்தது. இவ்வளவு பெரியவளுக்குத் தலை பின்னத் தெரியாதா என்று அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

சோறு அவர் ஆக்கி வைத்திருந்தார். பரிமாறியவள் அவள். என் இலையில் போட்டாள், மறுபடியும் போட்டாள், சோறு குவிந்து இலைக்கு வெளியே சரிந்த பிறகும் போட்டாள். இவ்வளவு தாராளமான கையை எங்கள் சொந்தத்தில் நான் பார்த்ததில்லை. அவர் எழுந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து, கரண்டியை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

“போதும் பிள்ளே. பிள்ளைக்கு வயிறு நெறஞ்சாச்சு.”

அவள் என் பக்கம் குனிந்தாள். “மக்களே, உங்க ஊரில கடலு உண்டா?”

“இல்ல.”

“ஒண்ணும் விளிக்காதா? இது என்னைய பேரு சொல்லி விளிச்சிட்டே கெடக்கு. நான் ஒருநாளு போனேன். இவரு வந்து பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டாரு.”

குளிக்கப் போனதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அப்பா சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

வீட்டு வாடகை, தண்ணீர், பள்ளிக்கூடம், எதையுமே முட்டத்துக்காரர் கேட்கவில்லை. கோவிலுக்குப் பக்கத்தில் வீடு கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். கோவில் விஷயத்தில் எங்கள் வீட்டில் நான்தான் அதிகாரி. அப்பா அந்தப் பக்கமே போவதில்லை. எனவே நான் பதில் சொன்னேன்.

“அம்மன் சன்னதிக்கு முன்னால ஒரு குழி உண்டும் மாமா. கிறுக்குப் பிடிச்சவுகளக் கூட்டிட்டு வந்து அதுல உக்கார வைப்பாக. நல்லாயிரும்.”

அப்பா என்னை முறைத்தார். ஏனென்று புரியவில்லை. முட்டத்துக்காரர் கோபப்படவில்லை, கையில் சோற்றோடு என் பக்கம் சாய்ந்தார்.

“நல்லாயிருமா மக்களே?”

“நல்லாயிரும். நான் பாத்திருக்கேன்.”

நான் ஒருவரையும் பார்த்ததில்லை. ஊர்ப்பெருமையைச் சொல்லும்போது சாட்சியும் சேர்த்துச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம்.

வீட்டு வாசலிலிருந்தே நாகர்கோவிலுக்கு பஸ் உண்டு என்றார் அவர். அப்பா மிதித்தே போவதாகச் சொல்லிவிட்டார். ஆனால் சைக்கிளை நாகர்கோவில் பக்கம் திருப்பவில்லை. வந்த வழியே முட்டத்தைப் பார்த்துத் திருப்பினார். காலையில் இறங்கிய சாலையெல்லாம் எழுந்து நின்றுகொண்டிருந்தது. முதல் மேட்டிலேயே “இறங்கு ஏட்டி” என்றார். அடுத்ததிலும் இறங்கினேன். அதற்கடுத்ததில் அவர் சொல்லாமலே குதித்துப் பின்னாலிருந்து தள்ளினேன். லாரியும் இல்லை, மாட்டு வண்டியும் இல்லை. அப்பாவின் நெஞ்சிலிருந்து விசில் சத்தம் வந்தது. கடற்காற்று நன்றாகத்தான் வீசியது, எதிர்க்காற்றாக.

முட்டத்தின் உச்சியில் ஒரு பாறையில் உட்கார்ந்து மூச்சுவாங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இனி நாம் இங்கே வரமாட்டோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடலைக் கடைசியாக ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டேன். மூச்சு சரியானதும் அப்பா மறுபடி சைக்கிளைத் திருப்பி, நேரே அந்த வீட்டுக்கே போனார்.

முட்டத்துக்காரர் வாசலில் நின்று, நனைந்த சட்டையைப் பார்த்தார்.

“பஸ்சு கிட்டலியா அண்ணாச்சி?”

“முட்டம் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வாரேன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “மேடு கொஞ்சம் உண்டு.”

“கொஞ்சமா வே?” அப்பா சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. “அந்தத் தாளை எடும்.”

“வேண்டாம் அண்ணாச்சி. உங்களுக்க நெஞ்சு இப்பிடி இழுக்குது. நான் செஞ்சது தப்பு.”

“எடும்ங்கேன்.”

சைக்கிள் சீட்டின் மேல் விண்ணப்பத்தை வைத்து அப்பா கையெழுத்துப் போட்டார். முழு மனதுடன், எவருடைய தூண்டுதலும் இன்றி. எனக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு மேடு இருந்தும் கடல் கிடைத்துவிட்டதே. அப்பாவுக்கும் என்னைப் போலவே கடல் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். “ரோடு எப்பிடி?”

“பலகை மாதிரி கெடக்கு” என்றார் அப்பா.

அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் “மேடே இல்லம்மா” என்றேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் ஆச்சரியம் இருந்தது. அம்மா அவருடைய நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டபடி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

விண்ணப்பம் உரிய வழியாகத்தான் போனது. உரிய வழியிலும் மேடுகள் உண்டு. அங்கே மீன் லாரி கிடையாது. ஒரு வருஷத்துக்கு மேலான பிறகு பதில் வந்தது: நிர்வாக நலன் கருதிக் கோரிக்கையை ஏற்பதற்கில்லை. பிற்காலத்தில் நானே பல கோப்புகளில் எழுதிய வாக்கியம் இது. காரணம் எழுதுகிறவருக்கும் தெரியாது என்பது அதன் பொருள்.

நான் கடல் போய்விட்டதென்று அழுதேன். அப்பா தாளை இரண்டு முறை படித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனார். கோவில் பக்கமே போகாத மனிதர். எந்த நோயும் தீரும் என்று அங்கே தரும் புற்றுமண் வாங்கிவந்து, ஈரம் போக உலர்த்தி, துணியில் பொட்டலம் கட்டி, முட்டத்துக்காரர் விலாசத்தை எழுதினார். கடல் கிடைக்காமல் போனது எங்களுக்கு. கடலை வாசலிலேயே வைத்திருப்பவருக்கு எங்கள் ஊர் மண்ணைத் தபாலில் அனுப்பி ஆறுதல் சொல்வானேன்? கேட்டேன். அப்பா பொட்டலத்தின் வாயைத் தைக்க ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

அந்த மறுப்பு உத்தரவு எங்கள் கைக்கு வந்தது ஆடித்தபசுக்கு, எங்கள் ஊர் அம்மன் தவமிருந்து கேட்டதைப் பெற்ற நாளுக்கு, மறுநாள்.