தொப்பியைக் கழற்றிய தளபதி

பாறை என்று மூன்று பேர் கைவிட்ட இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் பார்த்தவன் நான். லாரியில் கிளீனராக ஏறி, ஆறு மினி பஸ்ஸுக்கு முதலாளியானவன். பஸ் போக லாயக்கில்லை என்று அதிகாரிகள் எழுதிக் கொடுத்த கரிசல் பாதையில் முதல் பஸ்ஸை விட்டது நான்தான்; மழையில் சக்கரம் புதைந்தபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளியதும் நான்தான். சங்கரன்கோவிலில் மாடி வைத்து வீடு கட்டினேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரிந்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை என்பது வேறு விஷயம். ஊருக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் சண்டையில் செத்த ஒரு கிரேக்கத் தளபதி எப்படிச் செத்தார் என்ற வழக்கைத் தீர்த்து வைத்ததும் நான்தான். சிரிக்க வேண்டாம். சொல்லுகிறேன்.

மனைவி போன பிறகு வீட்டில் நான் ஒருவன். மகன்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவார்கள். சாப்பிட்டாச்சா என்பார்கள். ஆச்சு என்றதும் இரண்டு பக்கமும் பேச்சு தீர்ந்துவிடும். மாடியை வாடகைக்கு விட்டது தலைக்கு மேலே ஒரு காலடிச் சத்தம் கேட்கட்டும் என்றுதான். வந்தவர் கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவரும் மனைவியை இழந்தவர். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போவார், மற்ற நேரமெல்லாம் புத்தகம்தான். நான் அவரைச் சார்வாள் என்பேன். அவருக்கு நான் அண்ணாச்சி. சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு டம்ளர் டீயோடு மாடி ஏறிவிடுவேன். முட்டி வலித்தாலும் ஏறுவேன்.

அவர் அப்போது அந்தத் தளபதியைப் பற்றித் தமிழில் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். கதை இதுதான். ஒரு பெரிய மன்னனுக்கு வலது கையாக இருந்தவர் அந்தத் தளபதி. சிப்பாய்களுக்கு அவர் என்றால் உயிர். மன்னன் செத்ததும் அவன் ஆட்களே இரண்டாகப் பிரிந்து மோதிக்கொண்டார்கள். எதிரணித் தலைவன் கெட்டிக்காரன். எதிரே நிற்பது யார் என்று தன் ஆட்களிடம் சொல்லவே இல்லை. தெரிந்தால் அந்தப் பக்கம் ஓடிவிடுவார்கள். தளபதிக்கு நேராக அவர் முகம் தெரியாத அயல்நாட்டுக் குதிரைக்காரர்களை நிறுத்தினான். அந்தச் சண்டையில் தளபதி செத்தார்.

எப்படிச் செத்தார் என்பதில்தான் தகராறு. ஒருவர் குதிரை இடறி, விழுந்து, மிதிபட்டுச் செத்தார் என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர், இன்ன நாட்டுச் சிப்பாய் குத்திவிட்டான் என்று அடையாளத்தோடு சொல்கிறார். மூன்றாவது குறிப்பில், தன்னை அடையாளம் காணட்டும் என்று தளபதி தொப்பியைக் கழற்றி எறிந்தார், அப்படியும் தெரியாமல் கொன்றுவிட்டார்கள் என்று இருக்கிறது. எழுதிய யாரும் சண்டையைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை.

“குதிரையை விட்டுத் தள்ளுங்க சார்வாள்” என்றேன் முதல் நாளே.

“ஏன் அண்ணாச்சி?”

“வாசுதேவநல்லூர் பக்கம் என் பஸ் ஒண்ணு பாலத்துல மோதிட்டு. எருமை குறுக்க வந்துட்டுன்னு டிரைவர் சொல்லுதான். கண்டக்டர்ட்ட கேட்டா அவனும் எருமைங்கான். டீக்கடைக்காரன்தான் சொன்னான், டிரைவர் போன் பேசிட்டே வந்தான்னு. எருமைக்கு வாய் கெடையாது பாத்தீயளா, பழிய அது தலையில போட்டுட்டாங்க. குதிரைக்கு மட்டும் வாய் இருக்கா? தலைவனைக் காப்பாத்தாம ஓடி வந்தவன் ஊர்ல போயி வேற என்ன சொல்லுவான்?”

“அண்ணாச்சி, இது பஸ் ஆக்சிடென்ட் இல்ல, சரித்திரம்.”

“சரித்திரம்னா பழைய ஆக்சிடென்ட்தான?”

சார்வாள் டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தார். ஆனால் பேனாவை எடுத்தார், அதையும் பார்த்தேன்.

குத்தியவன் கதையையும் நான் பாதிதான் ஒப்புக்கொண்டேன். குத்து விழுந்திருக்கும். ஆனால் செத்தது யார் என்றே தெரியாமல் குத்தியவனை, இன்னார்தான் என்று பிற்பாடு எப்படி அடையாளம் சொல்ல முடியும்? தொப்பிதான் நிஜம் என்றேன். சார்வாள் அதைத்தான் தள்ளிவிட்டார்.

“கதை உருக்கமா இருக்கட்டும்னு யாரோ சேத்தது அண்ணாச்சி. சண்டைக்கு நடுவுல எவனாவது தலையத் தொறந்து காட்டுவானா?”

“காட்டுவான் சார்வாள்.”

“எதை வச்சுச் சொல்லுதீய?”

நாலு நாள் நான் பதில் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் சொன்னேன். பஸ்களையெல்லாம் விற்றுச் சில வருஷம் கழித்து, ராஜபாளையம் ரோட்டில் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். நான் விற்ற மினி பஸ்தான் வந்தது. வேறு பெயர், வேறு பெயிண்ட். ஏறினேன்.

“பெருசு, படியில நிக்காத, உள்ள போ” என்றான் கண்டக்டர்.

“ஏலே, இந்த பஸ்ஸு யாருதுன்னு தெரியுமாலே?”

“யாருதா இருந்தா ஒமக்கென்ன? டிக்கெட்டு எடும்வே.”

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தேன். டிரைவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்ப்பான், முதலாளி என்பான் என்று நினைத்தேன். அவன் பார்த்தான். “பெரியவரே, கண்ணாடிய மறைக்காம உக்காருங்க” என்றான். இறங்கும் வரை துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. கேட்டுக்கொண்டே இருந்ததில் சார்வாளுக்கு டீ ஆறிப்போனது. மறுநாள் நான் ஏறியதும், “தொப்பி நிக்கும் அண்ணாச்சி” என்றார். எத்தனையோ பேர் எனக்கு மாலை போட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு வார்த்தைக்கு ஈடாகாது.

போன வருஷம் அவருடைய மகள் வந்து அவரைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய்விட்டாள். மாடி காலி. இன்னொருவருக்கு விட மனம் வரவில்லை. ஐந்து மணிக்கு இப்போதும் டீ போடுகிறேன், ஒரு டம்ளர்.

மூன்று மாதம் முன்பு புத்தகம் கூரியரில் வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பதினோரு நாள் ஆனது. குதிரைமேல் பழி போட்டது ஓடி வந்தவர்கள்தான் என்று இருந்தது, எருமையைக் காணோம். தொப்பிக் கதையைக் கட்டிவிடுவதால் எந்தப் பக்கத்துக்கும் லாபமில்லை, தோற்றுக்கொண்டிருப்பவன் செய்யக்கூடிய காரியம் அது, ஆகவே நம்பலாம் என்று ஒரு முழுப் பக்கம் இருந்தது. நான் எங்கே என்று தேடினேன். முன்னுரையின் கடைசி வரியில் இருந்தேன்: காற்றோட்டமான மாடியைத் தந்த வீட்டு உரிமையாளருக்கு நன்றி.

போன் போட்டேன். “என்ன சார்வாள், நான் காத்து மட்டுந்தான் தந்தேனா?”

சார்வாள் சொன்னார்: “ஒங்களைச் சொன்னா அந்தப் பஸ்ஸையும் சொல்லணும் அண்ணாச்சி. ஊர்ல நிமிந்து நடக்கிற ஆளு. ஒங்களுக்குச் சங்கடமாயிரும்னு விட்டுட்டேன்.”

நல்ல மனுஷர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் சங்கடம் என்னுடையது. அதை மறைப்பதா வேண்டாமா என்று நான்தானே சொல்ல வேண்டும். இதோ, பஸ்ஸையும் துண்டையும் கண்டக்டர் பேசியதையும் என் கையாலேயே எழுதிவிட்டேன். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

ஆகவே சார்வாள், அடுத்த அச்சில் மாடியை எடுத்துவிடுங்கள். தொப்பி வருகிற பக்கத்திலேயே, அடியில் சின்ன எழுத்தாக இருந்தாலும் போதும், இதைச் சொன்னது யார் என்று போடுங்கள். முழுப் பெயரும் வேண்டும், தகப்பனார் பெயரின் முதல் எழுத்தோடு. ஊர் சங்கரன்கோவில்.