தண்ணீர் வரும் என்று சொல்லாதவள்

போன ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோட்டில் சுமதி வீட்டுக்குப் போனேன். கல்லூரியில் எனக்கு ஜூனியர். கையில் தோசைக்கரண்டி, காதில் ஹெட்போன். "துலிச்சிம்பா... துனாச்சிம்பா... துட்டாச்சிம்பா..." என்று முணுமுணுத்தபடியே கதவைத் திறந்தாள்.

பயந்துவிடாதீர்கள் — ஸ்வாஹிலி!

அவள் கணவர் ஈஸ்வரன் போர்வெல் ரிக் வண்டியோடு தான்சானியாவில் இருக்கிறார். அங்கே வேலை பிடித்துக் கொடுத்த உள்ளூர் ஏஜென்ட் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். ரிக் சும்மா நிற்கிறது. அடுத்த வேலை கிடைக்காவிட்டால் வண்டியைக் கப்பலேற்றி ஊருக்கே அனுப்ப வேண்டியதுதான். ஈஸ்வரனுக்குப் பாறை தெரியும், பாஷை வராது. நான் பேசிக்கொள்கிறேன் என்று இவள் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

"ரொம்ப ஈஸிங்க்கா. தோண்டுனோம், தோண்டறோம், தோண்டுவோம். நடுவுல லி போட்டா முடிஞ்சது, நா போட்டா நடக்குது, டா போட்டா இனிமே."

நாம் 'ஓம்' என்று கடைசியில் ஒட்டுவதை அவர்கள் 'து' என்று முதலிலேயே வைத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான்.

ஆனால் ஒரு வாக்கியத்தை மட்டும் சுமதி சொல்லவே மாட்டாளாம். 'மாஜி யாட்டாட்டோக்கா' — தண்ணீர் வரும். டீச்சர் கெஞ்சியும்... ம்ஹூம்.

"குழி போடறதுக்கு முன்னால தண்ணி வரும்னு ரிக்காரங்க வாயில வரக்கூடாதுங்க்கா. சொன்னா புழுதிதான் பறக்கும்."

கெமிஸ்ட்ரி படித்தவள் பேசுகிற பேச்சா இது?

அதற்குள் வீடியோ கால். ஈஸ்வரன் பக்கத்தில், போர் போட ஆள் தேடி வந்த அந்த ஊர் நிலத்துக்காரர். எடுத்ததுமே அவர் கேட்டது — தண்ணீர் வருமா?

"துட்டாச்சிம்பா" என்றாள் சுமதி. தோண்டுவோம்.

அவர் மறுபடி கேட்டார். ஈஸ்வரன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொல்லித் தொலையேன்டி" என்று நான் அவள் கையைக் கிள்ளினேன். எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது. தேடி வந்த வேலையை இப்படியா கெடுப்பாள்?

"துட்டாச்சிம்பா." ஆள் அசையவில்லை.

நிலத்துக்காரர் ஏதோ நீளமாகப் பேசினார். சுமதி என் காதில் கிசுகிசுத்தாள். "முன்னால வந்தவன் கண்டிப்பா வரும்னு சொன்னானாமா. காஞ்ச குழிதான் கெடக்குதாமா."

கடைசியில் அவர் சிரித்துவிட்டார். "சிம்பேனி" என்றார். தோண்டுங்கள்.

சுமதி தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது... கிள்ளியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

நம்மைச் சுற்றி எத்தனை பேர் 'வரும், கிடைக்கும், நடக்கும்' என்று அள்ளி விடுகிறார்கள்! 'செய்வோம்' என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்கிறவர் எத்தனை பேர்?

இதை நீங்கள் படிக்கும்போது அங்கே ரிக் ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் வருமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள் — நான் வாயைத் திறப்பதாக இல்லை!