ஐந்து கோடு நின்ற போன்

சுனாமிக்குப் பிறகுதான் ஆரையம்பதியில் கைபேசி பெருகியது. கடல் கொண்டுபோன சட்டி பானைகளைத் திரும்ப வாங்கி முடிக்கும் முன்பே எங்கள் ஆண்கள் போன் வாங்கி முடித்தார்கள். போர் முடியும் தறுவாயில், பின்னேரமானால் வாவிக்கரையில் ஏழெட்டுப் பேர் நின்று போன்களை வானத்துக்குக் காட்டிக்கொண்டு, யாருடைய திரையில் எத்தனை கோடு நிற்கிறது என்று பார்ப்பார்கள். யாருடன் பேசப் போகிறார்கள் என்று கேட்டால், யாருடனும் இல்லை. மூன்று கோடு உள்ளவனை நாலு கோடு உள்ளவன் பார்க்கும் பார்வை இருக்கிறதே, வயல்வட்டை முழுவதையும் சொந்தமாக வைத்திருந்த போடிமார்கூடக் கூலிக்காரனை அப்படிப் பார்த்ததில்லை.

நான் உன்னிச்சைக் குளத்தில் நீர்மட்டம் பார்த்து எழுதிய உத்தியோகத்தன். அளவுகோலில் பாசி ஏறினால் இலக்கம் பிழைக்கும் என்று தெரிந்தவன். கோலை மட்டும் நம்பி, தண்ணீரை எட்டிப் பார்க்காமலே மதகு திறந்த மேதைகளையும் கண்டவன். திரையில் நிற்கும் கோடு என்பது அந்தப் போன் தன்னைப் பற்றித் தானே சொல்லும் புகழ்ச்சி. அதை அப்படியே நம்புவதற்கு ஓர் ஊர் முழுக்க ஆள் இருந்தது.

அவர்களில் முதலாமவர் என் தங்கையின் மருமகன். வளைகுடாவில் வேலை செய்து, விரலால் தடவுகிற கண்ணாடிப் போன் ஒன்றோடு வந்திறங்கினார். அதற்கு ஒரு தோலுறை, உறைக்குக் காந்தப் பூட்டு. திறக்கும்போதும் மூடும்போதும் ‘டக்’ என்று சத்தம் வரும். தேவையில்லாமலே திறந்து மூடுவார்.

தங்கைக்கு இரண்டு பெண்கள். இளையவளைத்தான் இவருக்குக் கொடுத்திருந்தோம். மூத்தவள் வன்னியில் கலியாணம் முடித்து அங்கேயே இருந்தாள். போர் முடிந்த அந்த வருடம், தைமாதத்தோடு அவளிடமிருந்து போன் வருவது நின்றுபோனது. வைகாசியில் சண்டை முடிந்தது. தப்பி முகாமுக்கு வந்தவர்கள் யாரிடமாவது போன் இரந்து வாங்கி ஊருக்கு அடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். மூத்தவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது தாயின் நம்பர் ஒன்றுதான். அந்த நம்பருக்குரிய சிம் மருமகனுடைய கண்ணாடிப் போனுக்குள் இருந்தது.

தங்கையின் பழைய போன் உப்புக் காற்றில் பழுதானபோது அவர்தான் முன்வந்தார்.

“மாமி, என்ட சிம்மைக் கழட்டி வைக்கிறன். உங்கட சிம்மை இதில போடுவம். அஞ்சு கோடும் நிக்கும். அவ அடிச்சாத் தப்பாது.”

நல்லெண்ணத்தில்தான் செய்தார், அதை நான் மறுக்கவில்லை. கெட்ட எண்ணம் உள்ளவனை அதட்டி நிறுத்தலாம். நல்லெண்ணம் உள்ள மடையனை என்ன செய்வது? அந்தப் போனுக்கு நான் என் வீட்டிலிருந்து அடித்தால், பாதி நேரம் தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண்குரல் சொல்லும். ஓடிப்போய்ப் பார்த்தால் அது தங்கை வீட்டு யன்னல் விளிம்பில் ஐந்து கோட்டோடு படுத்திருக்கும்.

ஆகவே ஒருநாள் காலையில் தங்கை வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். மூன்று போன்கள்: மருமகனுடையது, சந்திக் கொமினிகேசன் கடைக்காரர் விற்கும் பெரிய ஸ்பீக்கர் வைத்த சீனப் போன், பித்தான் தேய்ந்த என்னுடைய கட்டைப் போன். ஒரே சிம், ஒரே யன்னல், ஒரே தகரக் கூரை. சிம்மை மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்துத் தடவை அடித்து வெட்டும்படி கடைக்காரரிடம் சொல்லியிருந்தேன்.

“ஐயா, பென்சன் எடுத்த ஆக்களுக்கு வேற வேலையே இல்லையா?” என்றார் அவர். ஆனாலும் அடித்தார், சிரித்துக்கொண்டே.

சீனப் போனில் ஐந்து கோடு. பத்தில் மூன்றுதான் மணி ஒலித்தது. அதைச் சோற்றுப் பானைக்குள் வைத்து மூடித் திறந்தேன். அப்போதும் ஐந்து கோடு. பானைக்குள்ளிருந்தும் வெட்கமில்லாமல் ஐந்து. கண்ணாடிப் போனிலும் ஐந்து, பத்தில் நாலு. என்னுடையதில் இரண்டு கோடு, அதிலும் ஒன்று வந்து வந்து போனது. பத்தில் ஒன்பது.

மருமகனிடம் சொன்னேன். உறையை ‘டக்’ என்று மூடினார்.

“இண்டைக்கு டவர் சரியில்ல மாமா.”

“மூண்டுக்கும் ஒரு டவர்தானே தம்பி?”

“உங்கட போனுக்கு இந்த டவர் காணும். இது டுபாய்ப் போன். இஞ்சத்த டவர் இதுக்குக் காணாது.”

“அப்ப அஞ்சு கோடு எங்கால வருது?”

“அது போன்ட தரம் மாமா.”

இப்படிப்பட்ட ஒருவரோடு மேலே என்ன பேசுவது? தங்கை சிம்மை எடுத்து மருமகனிடமே கொடுத்தாள். வாசல் படலைவரை என் பின்னால் வந்தாள்.

“அண்ணன், கோவிக்காதீங்க. அவர் மனம் நொந்து தாய் வீட்டுக்குப் போயிட்டாரெண்டாச் சின்னவள் என்ன செய்வாள்?”

“மூத்தவள் அடிச்சுக்கொண்டு நிண்டா?”

அவள் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குப் போகும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். சுனாமிக்குப் பிறகு தங்கைக்குக் கிடைத்த வீட்டை அவள் இளையவளுக்கு எழுதிவிட்டாள். ஆகவே அவள் இருந்தது மருமகனுடைய முகம் பார்த்து. மாப்பிள்ளை கோபித்துத் தாய் வீட்டுக்குப் போனால், மாமியார் வெற்றிலைத் தட்டோடு போய்க் கூட்டிவர வேண்டும். இந்த வழக்கத்தால் வளர்ந்த தலைக்கனத்தை அளக்க என்னிடம் கோல் இல்லை.

மூன்று நாள் கழித்து, எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு முகாமிலிருந்து அழைப்பு வந்தது. அவர்களிடம் இருந்ததும் என்னுடையதைப் போல ஒரு கட்டைப் போன். அன்று மத்தியானம், மருமகன் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம், தங்கை என் வீட்டுக்கு வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து கண்ணாடிப் போனை எடுத்து என் மேசையில் வைத்தாள்.

“கழட்டுங்க அண்ணன்.”

“அவர் எழும்பினா?”

“எழும்பட்டும்.”

சிம்மை என்னுடையதில் மாற்றிப் போட்டேன். அவள் போகவில்லை. யன்னலடியில் என் கட்டைப் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். வெயில் சாய்கிற நேரத்தில் அது ஒலித்தது. அவள் எடுத்து, சேலைத் தலைப்பால் மற்றக் காதைப் பொத்திக்கொண்டாள்.

“ஓம் மகள். ஓம், அம்மாதான். எத்தின நாளா? ஐயோ, எனக்கு மணி கேக்கல்லடி. அவர் எங்க? சரி, சரி, அழாத. புள்ள? புள்ள சாப்பிட்டவனா?”

அதோடு வெட்டுப்பட்டது. மூத்தவள் நாலு நாளாக அடித்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்குரல்தான் பதில் சொல்லியிருக்கிறது. வீடு கடலோடு போனபோதும் ஊரை விடாத தாய் இப்போது ஊரைவிட்டே போய்விட்டாள் என்று நினைத்தாளாம். புருஷனை வேறு பஸ்ஸில் பிரித்து ஏற்றிப் போய்விட்டார்கள், எங்கே என்று தெரியாது. பிள்ளை கையோடு இருக்கிறது. நாளைக்கும் அடிப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

மருமகன் சறத்தை மடித்துக் கட்டியபடி வந்து நின்றார்.

“மாமி, என்ட போன் இஞ்சயா?”

“மூத்தவள் கதைச்சவள் மருமகன். உசிரோட இரிக்கிறாள்.”

“எதில கதைச்சவ?”

தங்கை கையைத் திறந்து காட்டினாள். அவர் குனிந்து திரையைப் பார்த்தார். மைத்துனி உயிரோடு இருக்கிறாள் என்ற செய்தி அவர் காதில் விழுந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

“ரெண்டு கோடுதானே நிக்குது,” என்றார்.

மேசையிலிருந்த தன் போனை எடுத்து உறைக்குள் போட்டார். கேட்காமல் எடுத்தது தனக்கு அவமானம் என்றார். பொழுதுபடமுன் மோட்டார் சைக்கிளில் களுவாஞ்சிகுடிக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டார். இளையவள் அழுதுகொண்டு ஓடி வந்தாள்.

“அம்மா, நாளைக்குக் காலமே போய்க் கூட்டிக்கொண்டு வாங்க.”

“நாளைக்கு அவள் அடிப்பாள்,” என்றாள் தங்கை.

மறுநாள் அடித்தாள், அதற்கு அடுத்த நாளும் அடித்தாள். தங்கை என் யன்னலடியை விட்டு அசையவில்லை. வெற்றிலைத் தட்டு இறங்கவில்லை. ஊரில் நாலு பேர் கதைத்தார்கள், கதைக்கட்டும். ஆறாம் நாள் மருமகன் தானாகவே திரும்பி வந்தார், புதிய உறை ஒன்றோடு.