நான் திறக்க மறுத்த கிளாரினெட் பெட்டி

இரண்டாம் உலகப் போர் முடிந்து, பட்டாளத்துக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகப் பெங்களூருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். நாங்கள் ஜோகுபாளையத்தில் குடியிருந்தோம். நான் வேலை பார்த்த ஆலை சொந்தமாக ஒரு பேண்டு வைத்திருந்தது. ஞாயிறு சாயங்காலம் பார்க்கில் நாங்கள் வாசித்தால் கன்டோன்மென்ட்டில் பாதி ஜனம் அங்கேதான் இருக்கும். மாதா கோயில் திருவிழாக்களில் ஊதிப் பழகிய நான், அந்தப் பேண்டில் முதல் கிளாரினெட்; ஆலையில் எனக்குச் சம்பளமே அதற்குத்தான். பேண்டு மாஸ்டரின் இடது கைப் பக்கம் முதல் நாற்காலி என்னுடையது. அது எனக்குச் சும்மா கிடைத்ததல்ல.

போர் மூண்டதும் எங்கள் மாஸ்டர் பட்டாளத்துக்குப் போனார். அவர் வரும்வரை என்னை ஆக்டிங் மாஸ்டராக இருக்கச் சொன்னார், பேண்டைக் கவனித்துவந்த ஆலை அதிகாரி. எனக்கு ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. என் நாற்காலி என்ன ஆகும் என்று கேட்டேன். அது எங்கே போய்விடப்போகிறது என்று சிரித்தார். கிளாரினெட்டை வைத்துவிட்டு, தாளம் காட்டிப் பேண்டை நடத்தும் கோலை எடுத்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் என் இடத்துக்கு வந்தார். போர் முடிகிற பாடாயில்லை, வருஷங்கள் ஓடின. பேண்டை நன்றாகவே நடத்தினேன். சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

ஒரு வழியாக மாஸ்டர் திரும்பி வந்தார். சந்தோஷமாகக் கோலை அவர் கையில் கொடுத்தேன். மறுநாள் கிளாரினெட் பெட்டியோடு போனால், என் நாற்காலி எனக்கு இல்லை. அதுவரை என்னை "மாஸ்டர்" என்று அழைத்த அதிகாரிக்கு நான் "என்னப்பா" ஆகியிருந்தேன்.

"இத்தனை வருஷம் கோல் ஆட்டினவன் உதட்டுல வலு இருக்காதுப்பா. புதுசா சேர்றவங்க மாதிரி பரீட்சைக்கு ஊதிக் காட்டு. தேறலைன்னா வேற இடம் பாத்துக்கோ."

உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்பார்களே, அந்தக் கதைதான். ஆனால் என் உதட்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? அத்தனை வருஷமும் விடியற்காலையில் அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து ஊதியிருக்கிறேன். எங்கள் தெரு நாய்களைக் கேட்டால்கூடச் சொல்லும். பரீட்சை எனக்கு ஒரு பொருட்டே இல்லை. இருந்தாலும் மாட்டேன் என்று சொன்னேன்.

"நான் வேலைய விட்டுப் போகல சார். நீங்க அனுப்பின வேலைக்குத்தான் போனேன். வீட்டுக்குத் திரும்பி வர்றவனுக்கு வாசல்ல பரீட்சை வைப்பாங்களா?"

பரீட்சை ஊதும்வரை சம்பளம் கிடையாது என்று அவர் சொல்லிவிட்டார். வீட்டில் என் மனைவிக்கு வந்த கோபத்தைத் தப்பென்று சொல்லமாட்டேன்.

"ஏங்க, உங்களுக்கு ஊத வராதா? ஊதிட்டு வந்துடுங்களேன். புள்ளைங்க மொகத்தப் பாருங்க."

பிள்ளைகள் முகத்தைப் பார்க்காமல் இல்லை. ஆனால் நான் இன்று ஊதிக்காட்டினால், நாளைக்கு எனக்குப் பின்னால் வருகிறவனும் ஊதிக்காட்ட வேண்டும். அது எனக்குப் பொறுக்கவில்லை. தினமும் ஒத்திகைக்குப் போவேன். ஓரத்துப் பெஞ்சில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன், திறக்கமாட்டேன். பிடிவாதக்காரன் என்றார்கள். ஊத மறந்துபோய்விட்டது, அதுதான் பயப்படுகிறான் என்றும் காதுபடப் பேசினார்கள். அதுதான் சுட்டது.

அதற்குள் மாஸ்டருக்கு மார்புச் சளி முற்றி, பல மாதம் ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுபடியும் ஒரு ஆக்டிங் மாஸ்டர் தேவைப்பட்டார். ஒத்திகை நடுவில் அதிகாரி வந்து கார்னெட் வாசிப்பவரைக் கேட்டார். அவர் வாயில்லாப் பூச்சி. எழுந்து நின்று மெதுவாகத்தான் கேட்டார்.

"திரும்பி வந்தா எனக்கும் பரீட்சை உண்டா சார்?"

அதிகாரி டிராம்போன்காரர் பக்கம் திரும்பினார். அவரும் அதையே கேட்டார். கடைசியில் என் நாற்காலியில் இருந்தவரைக் கேட்டார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இதுவே அவரோட நாற்காலி சார். நானே ஆக்டிங்தான்" என்றார். நான் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லார் கண்ணும் என் மடியில் இருந்த பெட்டி மேல்தான் இருந்தது.

வேறு வழியில்லாமல் அதிகாரி பெஞ்சுக்கு வந்தார். மறுபடியும் நீயே பாரப்பா என்றார்.

"பாக்கறேன் சார். ஆனா மொதல்ல என் நாற்காலியில உக்காந்துட்டு, அங்கேருந்துதான் எந்திரிச்சு வருவேன்."

அவர் பேண்டுக்காரர்கள் பக்கம் திரும்பினார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: ஆக்டிங் போகிறவர் யாராக இருந்தாலும், எத்தனை வருஷம் ஆனாலும், திரும்பி வந்து தன் இடத்தில் உட்காரலாம், பரீட்சை கிடையாது. நின்றுபோன சம்பளமும் வந்து சேர்ந்தது.

மாஸ்டர் ஓய்வுக்குப் போவதற்கு முந்தின ஞாயிறு, பார்க் மேடையில் என் நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். அன்று ஊதியதுபோல் என் ஆயுளில் ஊதியதில்லை. பிள்ளைகளோடு முன்வரிசையில் நின்ற என் மனைவி, வீட்டுக்கு நடக்கும்போது, "பரீட்சைல பாஸ்தாங்க" என்றாள். எத்தனை நாளுக்குப் பிறகு அவள் சிரித்தாள் என்று எனக்குத்தான் தெரியும்.

அந்தப் பேண்டில் எனக்குப் பிறகு எத்தனையோ பேர் ஆக்டிங் போய்த் திரும்பினார்கள். யாராவது தன் பழைய நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிம்மதியாக உட்காருவதைப் பார்க்கும்போதெல்லாம், அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று இன்றுவரை நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறேன்.