யாருக்கும் சொல்லாத நாலு நம்பர்

போன வாரம் காளையார்கோவில் பக்கம் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். கருப்பையா — வருஷா வருஷம் தை அறுவடை முடிந்ததும் காரைக்குடிக்கு வந்து எங்கள் வீட்டுக்கு அரிசி கொடுக்கிற விவசாயி. கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். ஆவணியில் மாரடைப்பில் போய்விட்டார். எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

சுற்றிலும் நெல் பச்சைப் பசேலென்று நிற்கிறது. அவர் வயல் மட்டும் தரிசு!

"என்னம்மா, விதைக்கலையா?" என்று அவர் மனைவி ராக்குவிடம் கேட்டேன்.

"பணம் இருந்துச்சுண்ணே. எடுக்கத்தான் வழி தெரியல."

கருப்பையா எல்லாவற்றையும் செல்போனுக்கு மாற்றியிருந்தார். நெல் விற்ற பணம் அதில்தான் வரும். உரக்கடைக்கு அதிலிருந்துதான் போகும். "சில்லறைத் தொல்லை இல்ல, பாத்தீகளா?" என்று என்னிடமே பெருமைப்பட்டவர்.

அவருக்குக் காரியம் முடிந்த கையோடு மழை பெய்தது. ஊரே விதைக்க இறங்கியது. ராக்கு அவர் போனை எடுத்துக்கொண்டு விதைக்கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் ஸ்கேன் செய்து கொடுத்தார். போன் நாலு நம்பர் கேட்டது. கல்யாணமான வருஷம், மகள் பிறந்த வருஷம்... எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் பூட்டிக்கொண்டது.

வங்கியில் அதட்டவெல்லாம் இல்லை. உட்காரவைத்துத்தான் பேசினார்கள். அவருக்குப் பிறகு பணம் யாருக்கு என்று நாமினி பெயர் எழுதவில்லை, அதனால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அது கைக்கு வருவதற்குள் விதைப்புக் காலம் தாண்டிவிட்டது.

"கைமாத்து வாங்கியிருக்கலாமேம்மா?"

"கொழுந்தனார் குடுக்கத்தான் வந்தாக. எங்க வீட்டுக்காரர் சம்பாதிச்சது பேங்க்ல கெடக்கு, நான் எதுக்குக் கை நீட்டணும்னு எனக்கு வீம்பு. இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு இருந்துட்டேன்."

ராக்கு வயலைக் கைகாட்டினார்.

"அதுகூடப் போகுதுண்ணே. நல்லது கெட்டது எல்லாம் எங்கிட்டத்தான் சொல்லுவாக. இந்த நம்பர மட்டும் ஏன் மறைச்சாக? என்னைய நம்பலையா?"

"நம்பாம இல்லம்மா. யாருக்கும் சொல்லாதீங்கன்னு பேங்க்லயே மெசேஜ் அனுப்புவாங்க. அத அப்படியே கேட்டுக்கிட்டாரு."

"யாருக்கும்னா... எனக்குமா?"

வங்கி சொன்னது சரிதான். கருப்பையா கேட்டதும் சரிதான். ஆனாலும் வயல் தரிசாகக் கிடக்கிறதே!

பணம் இப்போது ராக்குவின் கணக்குக்கு வந்துவிட்டது. விதைக்கத்தான் இனி அடுத்த ஆவணி வரை காத்திருக்க வேண்டும்.

நாமினி பெயர் எழுத ஐந்து நிமிஷம் போதும்... அதைச் சொல்லி ஒரு மெசேஜ்கூட கருப்பையாவுக்கு வந்ததாகத் தெரியவில்லை.