எதற்கும் பெயர் இல்லாத வீடு

என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். வயது இருபத்திரண்டு. அம்மா கணக்கு டீச்சர். ஓய்வு பெற்ற பிறகும் டீச்சர்தான். மயிலாப்பூரில் பாதிப் பேர் அவளிடம் குட்டு வாங்கியவர்கள். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கரையேற்றியவளுக்குச் சொந்தப் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லித்தர முடியவில்லை. அந்த ஆற்றாமையில்தான் கூத்தெல்லாம் தொடங்கியது.

அடையாறில் ஓர் அறக்கட்டளை, நன்கொடையில் நடப்பது. இவனைப் போன்றவர்களுக்குப் படத்தைக் காட்டிப் பெயர் சொல்ல வைத்து, அப்புறம் அந்தப் பெயரை முழுச் சொல்லாகவே வாசிக்கக் கற்றுத்தருகிறார்கள். எந்த முறை யாருக்கு ஏறுகிறது என்று கூடவே ஆராய்ச்சியும் நடக்கிறது. கட்டணம் கிடையாது. சேருவதற்கு முன் ஒரு சின்ன டெஸ்ட்: பட அட்டையைக் காட்டுவார்கள், அவன் பெயர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

டெஸ்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மாவுக்குள் இருந்த டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டாள். பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் யாரோ 'முக்கியமான படங்கள்' என்று ஏற்கெனவே போட்டிருந்தார்கள். வினாத்தாள் லீக் ஆகாத ஊரா இது! பசு, குடை, தேங்காய், ஆட்டோ, சீப்பு என்று காலையும் மாலையும் தம்பியை உருப்போட வைத்தாள். டெஸ்ட் அன்றைக்கு ராகுகாலம் பார்த்து, பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்து, நெற்றி நிறைய விபூதி பூசிக் கிளப்பினாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா, தம்பிக்கு நீட்டா?" என்றார். "அதைவிடப் பெரிசு" என்றாள் அம்மா.

எங்களையும் அறைக்குள் உட்காரவிட்டார்கள். டெஸ்ட் வைத்த பெண் என்னைவிடச் சின்னவள். முதல் அட்டையில் மீன். "பசு!" என்றான் தம்பி, கணீரென்று. அடுத்து செருப்பு. "குடை!" கடிகாரத்துக்கு "தேங்கா!" அட்டையை அவன் பார்க்கவேயில்லை, அம்மாவைத்தான் பார்த்தான். ஆட்டோவையும் சீப்பையும் சொல்லி முடித்ததும், மீதி அட்டைகள் மேசையில் இருக்கும்போதே எழுந்து அந்தப் பெண்ணுக்குக் கை கொடுத்தான்.

"வீட்ல சொல்லிக் குடுத்தீங்களாம்மா?"

"பின்னே? சும்மாவா அனுப்புவா?"

"இவருக்கு இப்ப என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு எனக்குத் தெரியணும்மா. அங்கேருந்துதான் வகுப்பே ஆரம்பிக்கும்."

"பாஸ் மார்க் எவ்வளவு?"

"பாஸ், ஃபெயில் எதுவுமே இல்லம்மா."

"அப்புறம் எதுக்குப் பரீட்சை?"

பாவம், அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னாள், அப்போது வேறு அட்டைகளைக் காட்டுவாளாம். அதுவரை எதையும் சொல்லித்தரக் கூடாது. அப்போதும் மனப்பாடம்தான் என்றால் இந்த வருஷம் இடம் கிடையாது.

அம்மா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். வீடு வந்து சேருவதற்குள் சட்டம் போட்டுவிட்டாள்: தம்பி காதுபட யாரும் எந்தப் பொருளின் பெயரையும் சொல்லக் கூடாது. சொன்னால் அது கோச்சிங்.

அப்புறம் எங்கள் வீட்டில் எதற்கும் பெயர் இல்லை. "அதுல கொஞ்சம் அதை விடு" என்று அப்பா தட்டை நீட்ட, ரசம் சாதத்தில் மோர் விழுந்தது. காய்கறிக்காரரிடம் அம்மா விரலை நீட்டி நீட்டியே வாங்கினாள். தொண்டை கட்டிவிட்டதென்று நினைத்து அவர், "மிளகு வாயில போடும்மா" என்றார். தம்பி பக்கத்திலேயே நின்றான். அம்மா பதறிப்போய் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினாள்.

தம்பி எங்களை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தான். வழக்கமாக அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதிலைச் சொல்லிவிடுவாள். இப்போது யாரும் எதையும் சொல்லவில்லை. இவர்களுக்கெல்லாம் மறந்துபோய்விட்டது என்று முடிவு கட்டினான் போல. ஒருநாள் காலையில் அப்பா, "கதவைப் பூட்டணும், அது எங்கே, அது..." என்று கையை உதறிக்கொண்டு நின்றார். தம்பி நிதானமாக யோசித்தான். "சாவி" என்றான். எடுத்தும் கொடுத்தான்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஓய்வே இல்லை. "அம்மா, இது கரண்டி." "அப்பா, செருப்பு. கால்ல போடு." நாங்கள் சரியாகச் செய்தால் கைதட்டினான். அம்மா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "இவ்ளோ தெரியுமாடி இவனுக்கு?" என்றாள். எனக்கும் அப்போதுதான் தெரியும்.

இரண்டாவது டெஸ்ட். அந்தப் பெண் அட்டையைக் காட்டிவிட்டுச் சும்மா காத்திருந்தாள். அம்மா என் மணிக்கட்டை நசுக்கிக்கொண்டிருந்தாள். வாளி சொன்னான், இட்லி சொன்னான், ஜன்னல் சொன்னான். அடுத்து ஒரு கலப்பை. மயிலாப்பூரில் யார் வீட்டில் கலப்பை இருக்கிறது! முன்பென்றால் உடனே அம்மா பக்கம் திரும்பியிருப்பான். திரும்பவில்லை. அட்டையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தான்.

"தெரியாது" என்றான்.

"ரொம்ப நல்லது. இங்கேருந்தே ஆரம்பிக்கலாம்" என்றாள் அந்தப் பெண். இடம் கிடைத்துவிட்டது.

தெரியாது என்று சொன்ன பிள்ளைகளைக் காலமெல்லாம் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய அம்மா, என் தோளில் சாய்ந்து அழுதாள். இத்தனை வருஷத்தில் அவன் எங்களிடம் ஒருமுறைகூட அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. சொல்ல நாங்கள் விட்டால்தானே.

வரும் வழியில் மைசூர்பாகு வாங்கி, எங்கள் ஃபிளாட்ஸில் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடமெல்லாம், "எம் புள்ளை இன்னிக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டான்!" என்றாள். சிலர் ஆறுதல் சொன்னார்கள். அவர்களுக்கு இன்னொரு துண்டு கொடுத்தாள்.