மூன்று முறை கேட்ட கேள்வி

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ் ஏறினேன். கூடவே ஒரு பெண்கள் கபடி அணியும் ஏறியது. காலையில் அரையிறுதியில் ஜெயித்திருக்கிறார்கள். சாயங்காலம் ராஜபாளையத்தில் இறுதிப்போட்டி.

முன் சீட்டில் இருந்த முத்துமாரி என்ற ஆட்டக்காரி கேட்டாள்: "ஏட்டி, யாரு ஜெயிச்சா?"

"நாமதாம்ட்டி! கடைசி பாயிண்ட் நீதான எடுத்த!" எல்லோரும் கைதட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கேள்வி, அதே கைதட்டல். "தன் பெருமைய எம்புட்டு வாட்டிதான் கேப்பா!" என்று ஒருத்தி சிரித்தாள்.

மூன்றாம் முறை எனக்கு உறுத்தியது. தலையில் அடிபட்டதா என்று கேப்டனிடம் கேட்டேன்.

"ஒருத்தி முட்டி தலையில பட்டுச்சு சார். ரத்தமெல்லாம் வரல. சோடாவ மூஞ்சில அடிச்சதும் எந்திச்சுட்டா."

இப்போது எங்கே போகிறோம் என்று முத்துமாரியிடம் கேட்டேன்.

"வத்திராயிருப்புக்கு," என்றாள். அது போன வாரம் போட்டி நடந்த ஊர் என்றாள் கேப்டன்.

அதன்பிறகு பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை.

ராஜபாளையத்தில் இறங்கியதும் அவளைக் கூட்டிப்போன மருத்துவமனைக்கு நானும் போனேன். ரத்தம் வராவிட்டாலும் மூளை அதிர்ந்திருக்கிறது, முழுதாகத் தேறும்வரை ஆடவே கூடாது என்றார் டாக்டர்.

"கடைசி அஞ்சு நிமிஷம் மட்டும் எறக்கலாமா சார்?" என்றாள் கேப்டன்.

விளையாட்டுச் செய்தி எழுதும் இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வி எல்லா மைதானத்திலும் என் காதில் விழுந்திருக்கிறது.

கட்டிலிலிருந்து குரல் வந்தது: "ஏட்டி, யாரு ஜெயிச்சா?"

இந்த முறை கேப்டன் கைதட்டவில்லை. "நாமதாம்ட்டி. நீ படு."

கேப்டனும் மற்றவர்களும் கிளம்பிப் போய்விட்டார்கள்; இறுதிப்போட்டி இப்போது நடந்துகொண்டிருக்கிறது. மைதானத்தில் இருப்பவர்கள் முடிவைச் சொல்லுங்கள். இங்கே ஒருத்தி கட்டாயம் கேட்பாள்.